ரேங்க் லிஸ்ட் போடுவதற்கு முன்னால்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். இங்கிலீஷில் மெயில் போட்டால் வார்டில் நடந்துகொண்டே மேய்ந்துவிட்டு 'ஓகே அம்மா' என்று ஒரு வரி அனுப்புவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டியாவது உட்கார்ந்து படிப்பாய். தமிழ்ப் பள்ளிக்கு அத்தனை வருடம் மிச்சிகன் பனியில் வண்டி ஓட்டியதற்கு இந்தப் பலனாவது கிடைக்கட்டும்.

நீ சொன்னது இதுதானே? மெடிக்கல் காலேஜ் முடித்ததும் ரெசிடென்சி என்கிற மேல்பயிற்சிக்கு இடம் கொடுக்கிற மேட்சில், மாணவர்கள் லிஸ்டையும் ஆஸ்பத்திரிகள் லிஸ்டையும் கம்ப்யூட்டர் பொருத்துமே, அந்த ரேங்க் லிஸ்டில் உன் ஹூஸ்டன் காலேஜ் புரோகிராமையே முதலில் போட்டுவிடலாம் என்று இருக்கிறாய். மற்றதில் பாதிக்கு மேல் ஜூமில் பார்த்தது, எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. கோவிட்டுக்கு அப்புறம் எல்லாரும் படித்த இடத்திலேயேதான் மேட்ச் ஆகிறார்கள், பெரியம்மா மகள் கவிதா அக்காவுக்கும் அப்படித்தானே நடந்தது என்றாய். "போர்ட்லாண்ட் பிடிச்சிருக்கு, ஆனா அவங்க என்னை எடுக்க மாட்டாங்க, நம்பர் ஒன்னை ஏன் வேஸ்ட் பண்ணணும்?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் டாக்டர் இல்லை. உன் மாமா வேடிக்கையாகச் சொல்வதுபோல, டாக்டர்களுக்கு லீவு போட்டுக் கொடுக்கிறவள். ஆனால் நீ ஸ்கூலில் படித்த காலத்திலிருந்து இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி ஒன்றில் கோஆர்டினேட்டராக உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பம் வந்து குவிவதும், இன்டர்வியூ நாளும், டாக்டர்கள் ஒருவர் பெயரை மேலே ஏற்றி ஒருவர் பெயரைக் கீழே இறக்குவதும் என் கண் முன்னால் நடக்கிறவை. கோவிட் வருடங்களில் இந்த மேட்சுக்கு என்ன ஆனது என்று உங்கள் செட்டில் காதில் விழுவது பாதிக் கதைதான்.

ரிசல்ட் வருகிற மேட்ச் டே 2020-ல் மார்ச் 20, வெள்ளிக்கிழமை. மற்ற வருடங்களில் அந்த மதியம் கல்லூரி ஹாலில் அப்பா அம்மா, பலூன், கவர், கத்தல் என்று கல்யாண வீடு போல இருக்கும். அந்த வருடம் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளும் கூட்டத்தை ரத்து செய்துவிட்டன. பிள்ளைகள் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனி. அந்த பேட்ச் இன்டர்வியூவுக்கெல்லாம் நேரில் போய் வந்த பேட்ச். லிஸ்ட் போட்டு முடித்த பிறகுதான் நாடு மூடப்பட்டது. அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில் கோவிட்டுக்குப் பங்கே இல்லை. போய்ச் சேர்வதில்தான் பாடு.

எங்கள் டெட்ராய்ட் பக்கம் அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று உனக்கே ஞாபகம் இருக்கும். நாம் கார் ஷோ பார்க்கப் போவோமே அந்த ஹாலில் 1,000 படுக்கை போட்டார்கள். நியூயார்க்கில் என்ஒய்யு மருத்துவக் கல்லூரி கடைசி வருட மாணவர்களுக்கு முன்கூட்டியே பட்டம் கொடுத்து, விருப்பம் இருந்தால் உடனே வேலைக்கு வரலாம் என்றது. இங்கே என் கவலை வேறு. ஜூலை 1-ல் சேர வேண்டிய எங்கள் இன்டர்ன்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். மார்ச் மத்தியில் உலகம் முழுக்க அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்திவிட்டன. கொஞ்ச நாளில், மருத்துவர்கள் மட்டும் தனியாகக் கேட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கப்புறமும் விமானம் இல்லை. ராத்திரியெல்லாம் சென்னைக்கும் லாகூருக்கும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். உன் அப்பா என்னை மிச்சிகனின் இரண்டாவது கான்சல் ஜெனரல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இடம் மாறிய கதை அடுத்த பேட்சில்தான் ஆரம்பிக்கிறது. 2020 மே மாதம் மருத்துவக் கல்வி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து இரண்டு விஷயம் சொன்னன. ஒன்று, இந்த வருடம் இன்டர்வியூ எல்லாம் ஆன்லைனில். இன்னொன்று, வேறு கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில வாரம் வேலை பழகுகிற அவே ரொட்டேஷன் கிடையாது. சொந்தக் கல்லூரியில் அந்தத் துறை இல்லாதவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. விண்ணப்பங்களை நாங்கள் திறந்து பார்ப்பதே செப்டம்பரிலிருந்து அக்டோபர் 21-க்குத் தள்ளிப்போனது.

எலும்பு சர்ஜரிக்குப் போகிற உனக்கு இந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வாரம் ஒரு ஊரில் தங்கி, விடியற்காலை ரவுண்ட்ஸுக்கு முதல் ஆளாக நின்று, ஆபரேஷன் தியேட்டரில் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு, 'இந்தப் பையன் தேறுவான்' என்று பெயர் வாங்குவதுதானே உங்கள் துறையில் பாதி இன்டர்வியூ. அந்த வழி மூடிக்கொண்டது. எலும்பு, காது-மூக்கு-தொண்டை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் என்று இடம் குறைவாகவும் போட்டி அதிகமாகவும் உள்ள துறைகளில் ஒரு புரோகிராம் டைரக்டர் நேரில் பார்த்த வெளிக் கல்லூரி மாணவர் என்று அந்த வருடம் கிட்டத்தட்ட யாருமே இல்லை. அவர் கண்ணால் கண்டது சொந்தக் கல்லூரிப் பிள்ளைகளைத்தான். மற்றவர்கள் எல்லாம் ஜாதகமும் போட்டோவும் மட்டும் வந்து சேர்ந்த வரன்கள்.

அதனால் அந்தத் துறைகளில் 2021-ல் சொந்தப் புரோகிராமிலேயே இடம் பெற்றவர்களின் பங்கு கூடியது. துறை துறையாக ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்துவிட்டன. நீ காதில் வாங்கியது அதுதான். ஆனால் அதை 'டைரக்டர்கள் சொந்தப் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டார்கள்' என்று மட்டும் படிக்காதே. மாணவர்களும் அதையேதான் செய்தார்கள். பார்க்காத ஊருக்கு ஐந்து வருடம் போவதா, தெரிந்த இடத்தில் இருப்பதா என்று வந்தபோது தெரிந்த இடத்தை மேலே போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பயம், இரண்டு லிஸ்டிலும் ஒரே பெயர் மேலே. கம்ப்யூட்டர் வேறு என்ன செய்யும்?

எங்கள் இன்டர்னல் மெடிசினில் அப்படிப் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. நாங்கள் அவே ரொட்டேஷனை நம்பி ஆள் எடுத்ததே இல்லை. எங்களுக்கு வந்தது வேறு வகைத் தொல்லை.

இன்டர்வியூவுக்கு விமான டிக்கெட், ஹோட்டல், கோட்டு சூட்டு என்று ஆயிரக்கணக்கான டாலர் போகும் என்பதால் முன்பெல்லாம் பிள்ளைகள் ஓர் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். ஜூமில் அந்தக் கடிவாளம் போய்விட்டது. நல்ல மார்க் உள்ளவன் காலையில் பாஸ்டன், மதியம் பீனிக்ஸ் என்று வந்த அழைப்பையெல்லாம் ஏற்றுக்கொண்டான். நடுவில் உள்ளவனுக்கு அழைப்பே வரவில்லை. டிசம்பரில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சியே பகிரங்கமாகக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டது: தேவைக்கு மேல் இன்டர்வியூ வைத்திருப்பவர்கள் விட்டுக் கொடுங்கள் என்று. யார் விட்டுக் கொடுப்பார்கள்? டிசம்பர் மாதம் டெட்ராய்ட் வர வேண்டிய அவசியமே இல்லாமல் டெட்ராய்ட் இன்டர்வியூ கிடைத்தால் நானே வைத்துக்கொள்வேன்.

எங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்ட வீடியோ வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து ஆள் வைக்க அனுமதி இல்லை. சீஃப் ரெசிடென்ட் முன்னால் நடக்க, நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நோயாளிகள் யாரும் படத்தில் விழக் கூடாது என்பதால் வெறும் காரிடாராகவே எடுத்தோம். ராத்திரி டியூட்டி அறை ஜன்னல் வழியாக ஆறு தெரியும் என்பதுதான் எங்கள் இடத்தின் ஒரே அழகு. அன்றைக்குப் பார்த்து மூடுபனி. கடைசியில் அந்த வீடியோவில் எங்களுடையது எந்த ஊர் ஆஸ்பத்திரியாக வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாப் புரோகிராமும் இப்படித்தான் எடுத்தது. நீ ஜூமில் பார்த்ததெல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்கு உன் கண் காரணம் இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் அவனுக்கு ராத்திரி ஏழரை. வெள்ளைச் சட்டை, டை, கோட்டு, பின்னால் சுவரில் புதிதாக அடித்த பெயின்ட். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். நடுவே வெளியில் மைக் செட்டில் ஏதோ அறிவிப்பு. எக்ஸ்கியூஸ் மீ என்று எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான். கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி! எங்கள் டைரக்டர் கீழே குனிந்து பேனாவைத் தேடுகிற மாதிரி சிரித்தார். அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது: "இவன் நிதானம் பார்த்தாயா? ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கேஸைத் தொடர்ந்தான்." லிஸ்டில் அவன் பெயர் மேலே ஏறியது. வந்தான், மூன்று வருடம் இருந்தான். இப்போது, பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்கிற விசா விதியிலிருந்து விலக்கு வாங்க, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடமாகப் பார்த்து, மேலே ஏரிக்கரையில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. பனி கூரை வரை ஏறும் ஊர். சாம்பார் பொடி மட்டும் என்னிடமிருந்து போகிறது.

அவனைப் போன்றவர்களுக்குக் கோவிட் நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று இன்றைக்கும் எனக்கு ஒரே பதில் வரவில்லை. அவன் வீட்டில் நேரில் வரப் பணம் இருந்திருக்காது. அதுவும் ஸ்டெப் 2 சிஎஸ் என்று ஒரு பரீட்சை இருந்ததே, நடிக்கிற நோயாளிகளை வைத்து. கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல். பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய ஐந்து ஊரில் மட்டும்தான் நடக்கும். திருநெல்வேலிக்காரனும் விசா எடுத்து அங்கே வந்துதான் எழுத வேண்டும். கோவிட்டில் அதை நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் அடியோடு எடுத்தே விட்டார்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு மாற்று வழிகளை, அவர்களுக்குச் சான்று கொடுக்கிற அமைப்பான இசிஎஃப்எம்ஜி ஏற்படுத்தியது. கதவு அகலமானது, உண்மைதான். கதவு அகலமானதும் வரிசையும் நீண்டது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகள் 2020 மேட்சில் 6,907 பேர். 2021-ல் 7,943 பேர். இடம் கிடைத்தவர்கள் 4,222-லிருந்து 4,356 ஆகக் கூடினார்கள். ஆனால் சதவீதம் 61.1-லிருந்து 54.8-க்கு இறங்கிவிட்டது. செய்தியில் 'வெளிநாட்டு மாணவர்களுக்குச் சரிவு' என்று போட்டார்கள். எண்ணிக்கையில் கூடித்தான் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

உன்னைப் போல இங்கே முதல் மருத்துவப் பட்டமான எம்.டி. படிக்கிற கடைசி வருடப் பிள்ளைகளுக்கு 93.7 சதவீதம் 92.8 ஆனது, அவ்வளவுதான். மொத்த இடங்களோ 38,106. அதுவரை அத்தனை இடம் எந்த வருடமும் இருந்ததில்லை. மேலே இருந்து பார்த்தால் 2021-ல் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். கிட்டத்தில் போய், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

கவிதா அக்கா விஷயம் உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். அப்போது நீ காலேஜில் கெமிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அவளுக்கு ஈஎன்டி. 2020 கோடையில் சியாட்டிலிலும் சான் டியாகோவிலும் அவே ரொட்டேஷன் உறுதியாகி, தங்க அறை கூடப் பார்த்துவிட்டாள். சியாட்டில் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. இரண்டும் போயின. அந்த வருடம்தான் ஈஎன்டியில் முதல் முதலாக சிக்னல் முறை வந்தது. 'எனக்கு உங்கள் மேல் உண்மையாகவே விருப்பம்' என்று ஐந்து புரோகிராமுக்கு மட்டும் சொல்லலாம். இப்போது உங்கள் எலும்புத் துறையில் முப்பது கொடுக்கிறார்கள். முப்பது பேரிடம் 'உங்கள் மேல்தான் உயிர்' என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, சரி, அது வேறு கதை. கவிதா சியாட்டிலுக்கு ஒன்று போட்டாள். இன்டர்வியூவும் வந்தது. ஆனால் லிஸ்ட் போடும்போது பெரியம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து, "பார்க்காத இடத்தை எப்படி சித்தி முதல்ல போடறது?" என்று என்னிடம்தான் கேட்டாள். ஓஹையோவில் படித்த இடத்தையே முதலில் போட்டாள். கிடைத்தது.

அவள் நன்றாக இருக்கிறாள். கல்யாணமும் அங்கேயே, வீடும் அங்கேயே, வேலையும் அங்கேயே. பெரியம்மாவுக்குக் காரில் போய்ப் பேரனைப் பார்க்க முடிகிற சந்தோஷம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரெசிடென்சி முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அது முடித்த மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள் என்று ஏஏஎம்சி கணக்கு சொல்கிறது. ஐந்து வருடம் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்துப் போகிற இடம், பெரும்பாலும் போய்த் தங்கிவிடுகிற இடமாகத்தான் முடிகிறது. அந்த பேட்சில் எத்தனை பேர் அந்த ஒரு வருடத்துப் பயத்தால் இன்றைக்கு ஒரு ஊரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். கவிதாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. பார்க்க விடவில்லை, பார்க்காமல் போட்டாள்.

உன் கதை அப்படியா? நீ போர்ட்லாண்டில் நாலு வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறாய். அங்கே ஒரு சீனியர் ரெசிடென்ட், உன்னை அழைத்துப் போய் மலையைக் காட்டினார் என்று படம் அனுப்பினாயே. ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் அவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி ஹேண்ட்ஓவர் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினாய். உனக்கு அந்த இடம் தெரியும். உன் காலேஜையும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு, 2021 பேட்சுக்கு இல்லாதது, உன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட லிஸ்டையே நீ போடுவானேன்?

அடுத்தது 'நம்பர் ஒன் வேஸ்ட்' விஷயம். இதை நம் ஊர் கவுன்சிலிங் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் உங்களில் பல பேர். டாக்டர்களே தப்பாகப் புரிந்துவைத்திருப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். மேட்ச் 1952-லிருந்து நடக்கிறது. இப்போது ஓடுகிற கணக்குமுறையை ஆல்வின் ராத் என்கிற பொருளாதார அறிஞரும் எலியட் பெரான்சனும் சேர்ந்து திருத்தி அமைத்தார்கள், 1998-லிருந்து அதுதான். ராத்துக்கு லாயிட் ஷேப்லியோடு சேர்த்து 2012-ல் பொருளாதார நோபல் கொடுத்தபோது இந்த மேட்சையும் சொன்னார்கள். அதன் வேலை இவ்வளவுதான்: உன் முதல் விருப்பத்திடம் உனக்காகப் போய்க் கேட்கும். அங்கே உன்னைவிட மேலாகப் போட்டவர்களால் இடம் நிரம்பிவிட்டால், உன் இரண்டாவதிடம் போய்க் கேட்கும். அங்கே உன் இடம், அவர்கள் உன்னை எத்தனையாவதாகப் போட்டார்களோ அதுதான். நீ வேறு எங்கேயோ கேட்டுவிட்டு வந்தாய் என்பதால் ஒரு துளி குறையாது. நீ அவர்களை எத்தனையாவதாகப் போட்டாய் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆக, போர்ட்லாண்டை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், உன் காலேஜில் உனக்கு இருக்கிற வாய்ப்பு அப்படியே இருக்கும். காலேஜை முதலில் போட்டு அவர்கள் எடுத்துக்கொண்டால், போர்ட்லாண்ட் உன்னை விரும்பியதா என்பது உனக்குத் தெரியவே போவதில்லை. 'அவங்க என்னை எடுக்க மாட்டாங்க' என்று முடிவு செய்கிற வேலையை அவர்களிடமே விடு. அதற்காகத்தான் அவர்களுக்கும் ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள்.

காலேஜ்தான் உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்றால் அதையே முதலில் போடு. நான் அதற்கு எதிரி இல்லை. அங்கே இருக்கிற டிராமா கேஸ்களும் அந்த முதுகெலும்பு சர்ஜனும் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். பிடித்ததால் போடு. கோவிட் வருடத்துக் கணக்கைப் பார்த்துப் போடாதே.

பழைய கணக்கை நம்பிப் பிள்ளைகள் எப்படி அலைக்கழிகிறார்கள் என்பதற்கு எமர்ஜென்சி மெடிசினைப் பார். 2021-ல் நாடு முழுக்க அதில் நிரம்பாத இடம் வெறும் 14. அந்த இரண்டு வருடம் எமர்ஜென்சி டாக்டர்கள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள். 2030-க்குள் அந்தத் துறையில் தேவைக்கு மேல் பல ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று ஒரு கணிப்பும் வந்தது. புதுப் புரோகிராம்கள் வேறு பெருகியிருந்தன. 2022-ல் 219 இடம் காலி. 2023-ல் 554. அந்த மேட்ச் வாரம் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்து எமர்ஜென்சி கோஆர்டினேட்டர், திங்கட்கிழமை காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. 'எமர்ஜென்சி முடிந்தது' என்று எல்லாரும் பேசினார்கள். 2024-ல் காலி இடம் 135 ஆகக் குறைந்துவிட்டது. நடுவில் அந்தத் துறையை உயிராக நினைத்த உன் சிநேகிதன், பேச்சைக் கேட்டு அனஸ்தீஷியாவுக்குப் போய்விட்டு இப்போது என்ன சொல்கிறான் என்று அவனையே கேள்.

அடுத்த வாரம் உனக்கு எலெக்டிவ், கொஞ்சம் நேரம் இருக்கும் என்றாய். ஜூமில் மட்டும் பார்த்த இடங்களில் மேலே போட நினைக்கிற இரண்டுக்கு ஒரு நடை போய்வா. சில புரோகிராம்கள் தங்கள் லிஸ்டைப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் வந்து பார்க்கச் சொல்கின்றன. அதில் உனக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அப்படிக் கூப்பிடாத இடம் என்றால் அதிகாரிகளைத் தொந்தரவு செய்யாமல் ஊரை மட்டும் பார். ரெசிடென்ட்கள் குடியிருக்கிற பக்கம் போய் வாடகை கேள். ஜூமில் உன்னோடு பேசிய ரெசிடென்ட் ஒருவருக்கு காபி வாங்கிக் கொடுத்து இரண்டு கேள்வி கேள்: கடைசியாக யார் நடுவில் விட்டுவிட்டுப் போனார்கள், எதற்காக? குழந்தை பிறந்தபோதோ அப்பா படுத்தபோதோ உங்களுக்கு லீவு எப்படிக் கிடைத்தது? பதிலைவிட, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார். கோஆர்டினேட்டரோடு அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்றும் பார், இதை என் சுயநலம் என்று வைத்துக்கொண்டாலும் சரி. டிக்கெட்டுக்கு அப்பாவின் கார்டைப் போடு. பழைய காலமாக இருந்தால் இன்டர்வியூவுக்கே இதைப்போல் பல மடங்கு ஆகியிருக்கும்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டெட்ராய்ட் புரோகிராம் ஒன்றை நாலாவதாகப் போட்டிருக்கிறாய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், அவர் என்னிடம் சொல்லிவிட்டார். நீ வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக மேலே ஏற்றாதே. அப்பாவின் சுகர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, தினமும் மாலில் நடக்கிறார். நாலாவது இடத்துக்கு அது தகுதியானது என்றால் நாலாவதாகவே இருக்கட்டும். எலும்பு ரெசிடென்ட் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வீட்டுக்குச் சாப்பிட வரப்போவதில்லை என்பது இத்தனை வருடம் ரெசிடென்ட்களைப் பார்த்த எனக்குத் தெரியாதா?

இனி வேலை விஷயம். லிஸ்ட் கடைசி நேரம் ராத்திரி ஒன்பது மணி என்று போட்டிருப்பது எங்கள் கிழக்கு நேரம். ஹூஸ்டனில் உனக்கு எட்டு மணி. கடைசி நாள் வரை வைத்திருக்காதே, அன்றைக்கு சைட் திணறும். லிஸ்டை உறுதி செய்கிற சர்ட்டிஃபை பட்டனை அழுத்திய பிறகு ஏதாவது மாற்றினால் மறுபடியும் சர்ட்டிஃபை செய்ய வேண்டும். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதில் மாட்டிக்கொண்டு எங்களுக்கெல்லாம் அழுதுகொண்டே போன் செய்கிறது. சர்ட்டிஃபை ஆனதும் வருகிற மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. லிஸ்டை அனுப்ப வேண்டாம், மெயில் போதும்.

மேட்ச் டே அன்று எனக்கும் ஆபீஸில் வேலை நெருக்கும். பன்னிரண்டு மணிக்கு நான் போனை எடுக்காவிட்டால் அப்பாவுக்கு அடி.

அன்புடன்,
அம்மா